தாலந்தும் உளியும்

தமிழ்க் கிறிஸ்தவர்களின் அன்றாடப் பேச்சில் இயல்பாகப் புழங்கி, பிற தமிழர்களின் பேச்சில் அரிதாகவே காணப்படும் சொற்களுள் ஒன்று 'தாலந்து'. ஆலயப் பாடகர் குழுவில் நன்றாகப் பாடும் சிறுமியைச் சுட்டி, ஆண்டவர் அவளுக்கு நல்ல தாலந்தைக் கொடுத்திருக்கிறார் என்று சபையார் பாராட்டும்போது, பிறவியிலேயே அமைந்த திறமை என்னும் பொருளிலேயே அச்சொல் ஆளப்படுகிறது. ஆயினும் அதன் பிறப்புக்கும் திறமைக்கும் தொடர்பில்லை. கிரேக்க மொழியில் 'தாலந்தோன்' என்பது முதலில் தராசையும், பின்னர் அதில் நிறுக்கப்படும் ஒரு பெரிய எடையையும், அதன்பின் அந்த எடையுள்ள வெள்ளியின் மதிப்பையும் குறித்து நின்றது. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரிக்குச் சமம். பழைய தமிழ் வேதாகமம் 'பணம்' என்று பெயர்க்கும் தெனாரியோ ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. ஓய்வுநாட்களும் பண்டிகை நாட்களும் போக ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று கணக்கிட்டால், ஒரு தாலந்து என்பது ஓர் ஏழை உழைப்பாளியின் 20 ஆண்டு வியர்வை.

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமையில், தூர தேசத்துக்குப் புறப்படும் எஜமான் ஒருவன் தன் ஊழியர் மூவருக்கும் அவரவர் திறமைக்குத் தக்கபடி ஐந்து, இரண்டு, ஒன்று எனத் தாலந்துகளை ஒப்படைத்துச் செல்கிறான். முதல் இருவரும் வியாபாரம் செய்து முதலை இரட்டிப்பாக்க, மூன்றாமவன் தன் பங்கை மண்ணில் புதைத்துவைத்து, எஜமான் திரும்பியபோது குறைவில்லாமல் தோண்டிக் கொடுக்கிறான். அக்கால யூத மரபில் பணத்தை மண்ணில் புதைப்பது நம்பகமான பாதுகாப்பாகவே கருதப்பட்டதால், அவனைத் திருடன் என்றோ ஊதாரி என்றோ எவரும் சொல்லியிருக்க முடியாது என்பதை இன்றைய வாசகர் கவனிக்க வேண்டும். பெற்றதைப் பெற்றபடியே திருப்பிக் கொடுத்த அந்த ஊழியன் கண்டிக்கப்படுவது பயந்து சும்மா இருந்த சோம்பலுக்காக. இந்த உவமை ஐரோப்பியத் திருச்சபைகளில் நூற்றாண்டுக் கணக்கில் பிரசங்கிக்கப்பட்டதன் விளைவாகவே வெள்ளியின் எடையைக் குறித்த சொல் மனிதத் திறமையைக் குறிக்கும் சொல்லாக அங்கே உருமாறியது. தமிழிலும் அது வேதாகமத்தின் வழியாகவே வந்து அதே பொருளில் ஊன்றிக்கொண்டது.

இக்கருத்தைச் சுற்றி வேறு சில சொற்களும் உள்ளன. கடவுள் எவ்விதத் தகுதியும் பாராமல் தரும் ஆற்றலைச் சீர்திருத்தத் திருச்சபையினர் 'வரம்' என்றும் கத்தோலிக்கர் 'அருள்கொடை' என்றும் வழங்குகின்றனர். அவற்றைப் பெற்றவரை, பேதுருவின் முதல் நிருபத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'உக்கிராணக்காரர்' என்று அழைக்கிறது. உக்கிராணம் என்பது தானியமும் பண்டமும் சேர்த்துவைக்கும் அறை. அதன் சாவியை வைத்திருப்பவன் அப்பண்டத்துக்கு உரிமையாளன் ஆகான், வீட்டாருக்கு வேளாவேளைக்கு அளந்து கொடுக்கும் பொறுப்பே அவனுடையது. இந்த ஒரு சொல்லில் கிறிஸ்தவக் கோட்பாட்டின் சாரம் முழுவதும் அடங்கிவிடுகிறது எனலாம். திறமை அதை உடையவனின் சொத்தன்று என்பதும், அது பிறருக்கு அளந்து கொடுக்கப்படும்போதே கடவுளுக்குக் காணிக்கையாகிறது என்பதும் அதனுள் இருக்கின்றன.

நடைமுறையில் இந்தப் பரந்த கருத்து வெகுவாகக் குறுகிப்போயிற்று. 'ஊழியம்' என்ற சொல் தமிழ்ச் சபைகளில் பெரும்பாலும் பிரசங்கத்தையும் ஜெபக் கூட்டத்தையும் பாடலையுமே குறிக்கிறது. வேலையை விட்டுவிட்டு 'முழுநேர ஊழியத்துக்கு' வந்தவர் மேலான படியிலும், கடைக்கும் பட்டறைக்கும் போகிறவர் அதற்குக் கீழ்ப்படியிலும் இருப்பதாக ஓர் எண்ணம், யாரும் வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும், நிலவிவருகிறது. வேதாகமத்தின் போக்கு இதற்கு நேர்மாறானது. யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தில், தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவன் என்று கடவுளே பெயர் சொல்லிக் குறிப்பிடும் பெசலெயேல் ஒரு கைவினைஞன். பொன், வெள்ளி, வெண்கலம் ஆகியவற்றில் வேலை செய்யவும், கல் வெட்டிப் பதிக்கவும், மரம் செதுக்கவும் வேண்டிய ஞானமே ஆவியின் நிறைவாக அங்கே எண்ணப்படுகிறது. அவனுக்குத் துணையாக அகோலியாப் என்ற மற்றொரு வினைஞனும், நூல் நூற்ற பெண்களும் அப்பணியில் சேர்கின்றனர். 16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர், துறவிக்கு மட்டுமே உரியதாகக் கருதப்பட்ட 'இறையழைப்பு' என்னும் சொல்லைச் செருப்புத் தைப்பவருக்கும் வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும் உரியதாக்கியபோது, புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல் இந்தப் பழைய வழியையே மீண்டும் திறந்துவிட்டார்.

ஒருவரின் கைத்திறன் எங்கெங்கோ சுற்றி, வீணாய்ப்போனது போலத் தோன்றி, கடைசியில் காணிக்கையாகச் சென்று சேர்ந்த வரலாற்றுக்குத் தமிழ் மண்ணிலேயே தெளிவான சான்று ஒன்று உண்டு. தொழுநோயால் முடங்கிய கைகளை அறுவைச் சிகிச்சையால் மீட்ட மருத்துவர் பால் பிராண்ட், 1914ஆம் ஆண்டு கொல்லிமலையில் ஊழியம் செய்துவந்த ஆங்கிலேயத் தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட் கட்டட வேலை அறிந்தவர். ஓராண்டு மட்டும் வெப்பமண்டல மருத்துவம் படித்துவிட்டு மலைக்கு வந்து, வீடு கட்டுவதையும் நோய் தீர்ப்பதையும் ஒன்றாகவே செய்தவர். அந்நாளில் மலைமக்களை வாட்டிய நரம்புச் சிலந்தி நோயில், காலில் கொப்புளம் வெடித்து வெளிவரும் நீண்ட புழுவை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குச் சிறிதாக, அறுந்துவிடாமல் இழுத்தெடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்த துண்டு உள்ளேயே தங்கி அழுகிச் சீழ் வைத்துவிடும். தந்தை இதைப் பொறுமையாகச் செய்வதைப் பார்த்து வளர்ந்த சிறுவனுக்கு ஏற்பட்டது வியப்பன்று, அருவருப்பே. படிப்புக்காக ஒன்பது வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட அவர் தந்தையை மறுபடி காணவில்லை; 1929இல் கொல்லிமலையிலேயே ஜெஸ்ஸி காய்ச்சலால் இறந்துபோனார். பள்ளிப்படிப்பு முடிந்ததும் மருத்துவம் படிக்க உறவினர் ஒருவர் பணம் தருவதாகச் சொல்லியும், இரத்தத்தையும் சீழையும் நினைத்து மறுத்துவிட்ட பால், தந்தையைப் போலக் கட்டடத் தொழில் கற்றுக்கொண்டு ஊழியத்துக்குப் போவதென்று முடிவு செய்தார்.

இந்த முடிவின்படி ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அவர் கொத்தனாரிடமும் தச்சரிடமும் வேலை பயின்றார். அதன்பின் ஊழியத்துக்கான ஆயத்தமாக, தந்தை படித்த அதே ஓராண்டு மருத்துவப் பயிற்சியில் சேர்ந்தபோது, இரத்த இழப்பால் உயிரற்றவர் போல வெளுத்துக் கிடந்த ஒரு பெண்ணுக்கு இரத்தம் ஏற்றப்பட்டதும் கன்னத்தில் நிறம் திரும்பி அவர் விழித்தெழுந்ததை லண்டன் மருத்துவமனை ஒன்றில் ஓர் இரவு கண்டார். அருவருத்து ஒதுக்கிய இரத்தத்தை உயிர் தரும் பொருளாகக் கண்ட அந்த இரவுக்குப் பிறகே அவர் மனம் மாறி முழு மருத்துவப் படிப்பில் சேர்ந்தார். வெளிப்பார்வைக்குக் கட்டடத் தொழிலில் கழிந்த ஐந்து ஆண்டுகள் வீண் செலவு. உடன் படித்தோர் அனைவரும் அவரைவிட இளையோர். மரத்தின் ரேகை எந்தத் திசையில் ஓடுகிறது என்று தொட்டுப் பார்த்தே அறியவும், உளியை எவ்வளவு அழுத்தினால் போதும் என்று கையாலேயே உணரவும் பழகிய விரல்கள் அவற்றை மறக்கவில்லை என்பது பின்னரே புலப்பட்டது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் அழைப்பை ஏற்று 1946ஆம் ஆண்டின் இறுதியில் தமிழகம் திரும்பிய பிராண்ட், அடுத்த ஆண்டு தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேனைக் காணச் செங்கல்பட்டுக்கு அருகிலிருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே மடங்கிய விரல்களும் குறைந்துபோன விரல்களுமாக நூற்றுக்கணக்கானோர் இருப்பதைக் கண்டு, இந்தக் கைகள் ஏன் இப்படி ஆயின என்று அவர் கேட்டபோது, அதை ஆராய்ந்து சொல்ல வேண்டியவர் எலும்பு மூட்டு அறுவை மருத்துவரே என்றும், அத்தகைய எவரும் இதுவரை இந்நோயாளிகளைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றும் காக்ரேன் சற்றுச் சினத்துடனே பதில் கூறினார். பறவையின் நகம்போல் மடங்கியிருந்த ஒரு நோயாளியின் கைக்குள் தம் கையைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்ன பிராண்ட், வலி பொறுக்காமல் கையை உருவிக்கொள்ள நேர்ந்தது. செத்துப்போனதாக எல்லோரும் எண்ணிய கையில் வலிமையான தசைகள் உயிரோடு இருந்தன.

பின்னர் நடந்த பிரேதப் பரிசோதனை ஒன்றில் இதன் காரணம் விளங்கியது. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடுவதால், முழங்கையிலும் மணிக்கட்டிலும் தோலை ஒட்டி ஓடும் இடங்களில் மட்டும் நரம்புகள் வீங்கிக் கெட்டிருந்தன. அதனால் உள்ளங்கையிலுள்ள சிறு தசைகள் செயலிழந்தாலும், அவ்விடங்களுக்கு மேலேயே நரம்பு பெறும் முன்கைத் தசைகள் பல நல்ல நிலையிலேயே இருந்தன. ஆகவே வலுவுள்ள ஒரு தசையின் நாணை அதன் பழைய இடத்திலிருந்து விடுவித்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யும்படி புதிய வழியில் செலுத்திப் பொருத்த முடியும். தசைநாண் என்பது தசையை எலும்போடு இணைக்கும் வெண்ணிறக் கயிறு. ஒவ்வொரு விரலையும் மடக்குவதற்கு இரண்டு நாண்கள் இருப்பதால் அவற்றுள் ஒன்றைக் கடன் வாங்கலாம். பிற்காலத்தில் பிராண்ட், மணிக்கட்டை நிமிர்த்தும் ஒரு தசையோடு காலிலிருந்து எடுத்த மெல்லிய நாணை ஒட்டி, அதை நான்கு வாலாகப் பிளந்து, நான்கு விரல்களுக்கும் கொண்டுசெல்லும் முறையை வகுத்தார். இந்தச் சிகிச்சையின் உயிர்நிலை தையலின் இழுவிசையில் இருக்கிறது. நாண் சற்று இறுகினால் விரல் விறைத்து நின்றுவிடும். சற்றுத் தளர்ந்தால் பயனில்லாமல் தொங்கும். அந்த அளவைச் சொல்லும் கருவி எதுவும் மேசையில் இல்லை, மருத்துவரின் விரல் நுனியே அதை அறிந்தாக வேண்டும். மாவுக்கட்டில் சில வாரங்கள் கை ஓய்ந்த பிறகு, இடம் மாறிய தசைக்குப் புதிய வேலையைப் பழக்கும் பொறுமையான பயிற்சி தொடங்கும். சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகக் கட்டைவிரலும் மற்ற விரல்களும் நுனியில் கூடியாக வேண்டும் என்பதால், பல ஆண்டுகளுக்குப் பிறகு தன் கையால் ஒரு கவளம் எடுத்து உண்பதே அந்நோயாளிகளுக்குச் சிகிச்சையின் வெற்றியாக இருந்தது.

ஆனால் கைகள் திருந்தியதோடு துன்பம் தீரவில்லை. ஊருக்குத் திரும்பிய சிலர் மறுபடி வந்து, கை நன்றாகிவிட்டதால் பிச்சை கிடைப்பதில்லை என்றும், தொழுநோயாளி என்பதால் வேலை தருவாரும் இல்லை என்றும் முறையிட்டனர். இதன் விளைவாக 1951இல் வேலூரில் மண் குடிசைகளோடு தொடங்கப்பட்ட புதுவாழ்வு மையத்தில், குணமடைந்தோருக்குத் தச்சு வேலையும் மரப் பொம்மை செய்தலும் கற்பிக்கப்பட்டன. இங்கிலாந்தில் ஐந்தாண்டு பயின்ற தொழில் வீண்போகவில்லை என்பது இங்கேதான் கண்கூடாயிற்று. உளியையும் சுத்தியலையும் பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஆசான்களில் அந்த அறுவை மருத்துவரும் ஒருவர்.

குணமடைந்தவர்களோடு பிராண்ட் பட்டறையில் உட்கார்ந்து வேலை செய்ததே அடுத்த பெரிய கண்டுபிடிப்புக்கும் வழிவிட்டது. தொழுநோயாளியின் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்பது அதுவரை மருத்துவ உலகமும் ஏற்றிருந்த நம்பிக்கை. துருப்பிடித்த பூட்டொன்றைப் பெரியவர்களால் திறக்க முடியாதபோது மெலிந்த ஒரு சிறுவன் எளிதாகச் சாவியைத் திருகித் திறந்ததையும், தரையில் சொட்டிய இரத்தத்தைக் கண்டு அவன் கையை விரித்துப் பார்த்தபோது விரல் எலும்பு தெரிய வெட்டுண்டிருந்ததையும், அது அவனுக்கே தெரியாமல் இருந்ததையும் பிராண்ட் கண்டார். விரல்களை இழக்கச் செய்வது வலியறியாத நிலைதான் என்ற முடிவுக்கு அவர் வர இத்தகைய நிகழ்ச்சிகளே காரணம். பின்னர் மையத்தில் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடப்பட்டது. சில்லு பெயர்ந்த சுத்தியல் பிடி, அடுப்பிலிருந்து வெறுங்கையால் இறக்கிய சூடான பாத்திரம், அளவு பொருந்தாத செருப்பு என ஒவ்வொன்றாக அகப்பட்டன. இரவில் காரணமின்றிக் காணாமற்போன விரல் நுனிகளை எலிகள் கொறித்திருந்தன என்பது தெரிந்ததும், வீடு திரும்புவோரோடு பூனையையும் அனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. அழுத்தத்தைப் பரவலாகத் தாங்கும் மென்மையான நுண்துளை ரப்பர் செருப்புகளும் இந்த முயற்சியின் தொடர்ச்சியாகவே வேலூரிலும் அதற்கு அருகிலுள்ள கரிகிரித் தொழுநோய் மையத்திலும் உருவாயின.

இத்தனை விரிவாக இவ்வரலாற்றைக் கூறக் காரணம் உண்டு. திறமையைக் காணிக்கையாக்குதல் என்றவுடன் உள்ளத்தின் ஆர்வமே போதும், கையின் தரம் இரண்டாம்பட்சம் என்றொரு கருத்து பக்தியின் பெயரால் எளிதில் நுழைந்துவிடுகிறது. பயிற்சியின்றிப் பாடிய பாடலையும், ஆயத்தமின்றி நிகழ்த்திய பிரசங்கத்தையும், அரைகுறையாக நடத்தப்படும் பள்ளியையும் கர்த்தருக்கென்று செய்ததுதானே என்று சொல்லி ஏற்றுக்கொள்ளும் வழக்கம் பல சபைகளில் இருக்கிறது. குருடும் ஊனமுமான ஆட்டைப் பலிபீடத்துக்குக் கொண்டுவந்தோரை மல்கியா தீர்க்கதரிசி கடுமையாகக் கடிந்துகொண்டதை இங்கு நினைவுகூர்வது பொருத்தம். பிராண்ட் தம் நோயாளிகளுக்காக ஜெபித்தவர் என்பது உண்மை. அதே அளவுக்கு உண்மை, எந்த நாணை எந்த வழியில் செலுத்தினால் விரல் எவ்வளவு மடங்கும் என்பதை ஆண்டுக்கணக்கில் அளந்து குறித்துவைத்தவர் என்பதும். தொழுநோயாளியின் தசை கெட்டுப்போன தசை, வெட்டினால் ஆறாது என்று பலரும் நம்பிய காலத்தில், அது பிறர் தசையைப் போலவே ஆறும் என்று காட்டியது இந்த உழைப்பே. 1960இல் அவருக்கு வழங்கப்பட்ட லாஸ்கர் விருது மருத்துவ உலகின் உயரிய விருதுகளுள் ஒன்று.

எதிர்ப்புறத்து ஆபத்தும் சொல்லப்படவேண்டியதே. காணிக்கை என்பது மனமுவந்து தருவது. தாலந்து கடவுளுடையது என்ற போதனையைக் காட்டி, ஆசிரியர்களுக்கும் செவிலியர்களுக்கும் நியாயமான ஊதியம் தர மறுப்பதும், அதற்கு 'ஊழிய மனப்பான்மை' என்று பெயர் சூட்டுவதும் அந்தப் போதனையைத் தலைகீழாக்கும் செயல்கள். கூலியாளின் கூலியைப் பிடித்துவைப்பதை வேதாகமம் பல இடங்களில் பாவம் என்றே சொல்கிறது.

தாலந்துகள் சமமாகப் பகிரப்படவில்லை என்ற குறையும் கேட்பதுண்டு. உவமையை உன்னிப்பாகப் படிப்பவர், ஐந்து தாலந்துக்காரனும் இரண்டு தாலந்துக்காரனும் எஜமானிடமிருந்து பெறும் பாராட்டு சொல்லுக்குச் சொல் ஒன்றாகவே இருப்பதைக் காணலாம். தமிழ்ச் சபைகளில் சமையலுக்கு அளக்கும் அரிசியிலிருந்து தினமும் ஒரு பிடியைத் தனியே எடுத்துவைத்துப் பெண்கள் கொண்டுவரும் பிடி அரிசிக் காணிக்கையும், அறுப்பின் பண்டிகையில் ஏலத்துக்கு வரும் வாழைத்தாரும், நாட்டுக் கோழியும், வீட்டில் சுட்ட முறுக்கும் இந்த உண்மையை நெடுங்காலமாகச் சொல்லிவந்திருக்கின்றன.

பெற்றிருந்த தாலந்தையே இழந்தவர் என்ன செய்வது என்பது இன்னும் கடினமான கேள்வி. கொச்சியில் 1925இல் பிறந்து வேலூரில் மருத்துவம் படித்த மேரி வர்கீஸ், மகப்பேறு மருத்துவராக விரும்பியிருந்த காலத்தில், 1954 ஜனவரியில் நேர்ந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். முகமும் காயப்பட்டிருந்தது. பல மாதங்கள் படுக்கையில் கிடந்த அவரிடம், கைகளில் செய்யும் அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவர் நின்றாக வேண்டியதில்லை, உட்கார்ந்தே செய்யலாம் என்று எடுத்துச் சொன்னவர் பிராண்ட். கால்களின் துணையின்றி ஒரு மருத்துவர் என்ன செய்யமுடியும் என்ற கேள்விக்கு அந்தக் கைகளே விடையாயின. சக்கர நாற்காலியில் அறுவை அரங்குக்குள் வந்து, தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அவர் ஒவ்வொன்றாகத் திருத்தத் தொடங்கினார். பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தாமே மறுவாழ்வுச் சிகிச்சை பெற்று, நியூயார்க்கில் அத்துறையில் உயர்பயிற்சியும் முடித்துத் திரும்பிய மேரி, வேலூரில் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் பொறுப்பை ஏற்றார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. முதுகெலும்பு முறிந்து, இனி எதற்கும் பயன்படமாட்டோம் என்று எண்ணிப் படுத்திருந்த நோயாளிகளின் கட்டிலருகே, அவர்களைப் பார்க்க வரும் மருத்துவரும் ஒரு சக்கர நாற்காலியைத் தம் கையாலேயே உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.